அரசியல் நையாண்டி ரெக்கார்டு சேர்க்க 78 தட்டா, வினைலா, கேசட்டா?

ஆட்சியையும் கட்சிகளையும் மேடையில் பாட்டாலும் வசனத்தாலும் கிண்டலடித்தவர்களின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்க்கிறவன் நான். நாடகக் குழு, வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம், தேர்தல் பாட்டு எதுவானாலும் சரி. இவை மூன்று வடிவங்களில் கிடைக்கின்றன: நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டு (சுருக்கமாக 78), வினைல் என்னும் பிளாஸ்டிக்கில் வந்த பெரிய எல்பியும் சின்ன ஈபியும், அப்புறம் கேசட். மூன்றையும் கலந்து வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் இடம் நெருக்கடியானதும் ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் குறைக்க வேண்டி வந்தது. நான் வினைலைத் தேர்ந்தெடுத்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈரந்தான் அதற்கு முக்கியக் காரணம். வேறு ஊர்க்காரர் இதே கணக்கைப் போட்டால் விடை மாறலாம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 78 கீழே விழுந்தால் உடையும், வினைல் உடையாது. பத்து அங்குல 78-இல் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஏழு அங்குல ஈபியில் ஆறேழு நிமிடம், எல்பியில் இருபது நிமிடம் வரை ஓடும். கேசட் மலிவு, இடமும் அடைக்காது. 78-க்குத் தனி ஊசி வேண்டும். அதன் பள்ளம் அகலமானது. எல்பி ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

எதில் என்ன கிடைக்கும் என்பதில்தான் எனக்கும் தயக்கம் இருந்தது. பொருளை மட்டும் பார்த்தால் 78-க்குப் பெரிய மதிப்பு உண்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் நாடக மேடைக்கு எழுதிய தேசியப் பாட்டுகளும், கே.பி. சுந்தராம்பாள் காந்தியைப் பற்றிப் பாடியவையும் 78 காலத்துச் சரக்கு. வெள்ளைக்காரனைக் கொக்காக்கி நாடக நடிகர் விசுவநாத தாஸ் மேடையில் பாடிய காலமும் அதுதான். நம் ஊர்க்காரருக்கு இதில் கூடுதல் உரிமை இருக்கிறது. 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நையாண்டியையும் பாட்டையும் சேர்த்துக் கட்டியதற்கு இணையாக நான் எதையும் கேட்டதில்லை. 1949-இல் வந்த நல்லதம்பிக்குக் கதை வசனம் அண்ணா. உடுமலை நாராயணகவி எழுதிய கிந்தனார் அந்தப் படத்தில்தான் வருகிறது. நந்தனார் சரித்திர மெட்டிலேயே, சேரிப் பையன் ஒருவன் படிக்கப் போகிற கதையைச் சொல்லி, சாதியையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே மூச்சில் குத்திக்காட்டுகிற கதாகாலட்சேபம் அது. ஆனால் இவ்வளவு நீளமான ஒன்றை 78-இல் அடைக்க வேண்டுமென்றால் மூன்று மூன்று நிமிடமாக வெட்டத்தான் வேண்டும். சிரிப்பு ஏறிவரும் இடத்தில் பக்கம் முடிந்துபோகும். எழுந்து திருப்பிப் போட்டு, ஊசி மாற்றி உட்காரும்போது அந்த ஓட்டம் அறுந்திருக்கும். நையாண்டிக்கு ஓட்டம் முக்கியம். எல்பியில் இருபது நிமிடம் ஒரே தொடர்ச்சியாகக் கேட்பதில் இருக்கும் நிறைவு இதனால்தான்.

அமெச்சூர் குழுக்களின் விஷயம் வேறு. மேல்நாட்டில் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் நையாண்டி மேடை போட்டவர்களும் ரெக்கார்டில் இடம்பிடித்திருக்கிறார்கள். 1937-இல் நியூயார்க்கில் தையல் தொழிலாளர் சங்கத்துக்காரர்களே நடித்துப் பாடிய பின்ஸ் அண்ட் நீடில்ஸ் ஆயிரம் காட்சிகளுக்கு மேல் ஓடியது. இருபத்தைந்தாம் ஆண்டில், 1962-இல், கொலம்பியா கம்பெனி அதன் பாட்டுகளைப் புதிதாகப் பாடவைத்து எல்பியாக்கியது. ஹார்வர்டில் கணக்குப் படித்த டாம் லேரர் 1953-இல் சொந்தச் செலவில் 400 பத்து அங்குல எல்பி அடித்துத் தானே விற்றார். பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் மாணவர்களின் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் என்ற மேடைக் காட்சி 1963-இல் பார்லஃபோன் கம்பெனியின் எல்பியானது. சின்ன அளவில் அச்சடித்துத் தரும் வசதி அங்கே இருந்தது. இங்கே கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம்மில் இருந்த ரெக்கார்டு ஆலையும் கிராமபோன் கம்பெனியும் வைத்ததுதான் சட்டம். 1960-களின் கடைசியில் பாலிடார் கம்பெனி வரும்வரை அதற்குப் பெரிய போட்டி கிடையாது. விற்பனை நிச்சயமில்லாத சபா நாடகத்தைத் தட்டாக்க யார் முன்வருவார்கள்?

சோவின் முகமது பின் துக்ளக் 1968-இல் மேடையேறியபோது அதை நடத்தியவர்களும் அமெச்சூர் குழுவினர்தான். அந்த வகை நகைச்சுவை நாடகம் வீட்டுக்கு வீடு போனது கேசட் வந்த பிறகு. எஸ்.வி. சேகர் நாடகக் கேசட்டுகள் 1980-களில் பேருந்தில்கூட ஓடின. ஆக, அமெச்சூர் நாடகம் மட்டும் போதும் என்பவர் கேசட்டைத்தான் தேட வேண்டும். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்படியிருந்தும் நான் வினைல் பக்கம் சாய்ந்தது பராமரிப்பால். இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு ரெக்கார்டை வாங்குவது ஒரு நாள் வேலை, அதைக் காப்பது ஆண்டு முழுக்க நடக்கிற வேலை.

கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு ஒரு மழை, கும்பப்பூ சாகுபடிக்கு ஒரு மழை என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. இடையில் கிடைக்கிற வெயிலில் வீடு முழுதாகக் காய்வதே இல்லை. மழை மாதங்களில் அலமாரிக்குள் ஒரு ஈரப்பத மீட்டரை வைத்துப் பாருங்கள், 70 சதவீதத்துக்குக் கீழே இறங்க மறுக்கும். பூஞ்சைக்கு அது தாராளம்.

பூஞ்சை மூன்று வடிவத்தையும் பிடிக்கும், பிடிக்கும் விதம்தான் வேறு. வினைல் ஒரு பிளாஸ்டிக். பூஞ்சைக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. காகித உறை, அட்டையில் ஒட்டிய பசை, தூசி, நம் விரல் பட்ட எண்ணெய்ப்பசை இவற்றில்தான் வளரும். தட்டின் மேல் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டாகத் தெரியும். கழுவினால் போய்விடும், பெரும்பாலும் பாட்டுக்குச் சேதம் இருக்காது. அரக்குத் தட்டில் அரக்கோடு கல்தூளும் வேறு கலவையும் சேர்ந்திருக்கும். ஈரம் அதற்குள் இறங்கும், பூஞ்சை மேற்பரப்பையே அரிக்கும். துடைத்த பிறகும் அந்த இடம் மங்கலாக நிற்கும். ஊசி அங்கே வரும்போதெல்லாம் அடுப்பில் உப்பு வெடிப்பது போல ஒரு சத்தம். அந்தத் தட்டில் அது நிரந்தரம்.

கழுவும் முறையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. வினைலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும், அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். லேபிளில் தண்ணீர் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மென்மையான பிரஷால் பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலரவிட வேண்டும். பிடிவாதமான பூஞ்சைக்குக் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்துகொள்ளலாம், வினைல் தாங்கும். அதை 78-இல் செய்தால் தட்டு போய்விடும். மரவேலை ஆசாரிகள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தானே கதவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள்! அதே அரக்குதான் தட்டிலும் இருக்கிறது. ஸ்பிரிட் பட்ட இடத்தில் பாட்டு கரைந்துபோகும். தண்ணீரையும் 78-இல் நிறுத்திவைக்கக் கூடாது, உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும். விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீரே காட்டாமல் இருப்பது நல்லது.

கேசட் கழுவுவதற்கே வழியில்லாத வடிவம். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். உள்ளே நாடாவை அழுத்திப்பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை விட்டுக் கழன்றாலும் சத்தம் மங்கிவிடும். திருகாணி போட்ட கேசட் என்றால் திறந்து நாடாவைப் புதுக் கேசட் கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டி மூடியது என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நாடகக் கேசட்டுகளை இப்போது நான் வாங்குவது நல்ல பிரதி கிடைத்தால் ஒருமுறை ஓட்டிக் கணினியில் பதிந்து வைக்க மட்டுமே.

வினைலை வைக்கும் இடத்துக்கு வருகிறேன். வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரி வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த இரும்பு பீரோ நல்லது. பழைய காகித உள்ளுறையைக் கழற்றி, பாலித்தீன் உள்ளுறை போட்டுவிடுங்கள். செலவு சின்னது, பலன் பெரியது. அட்டை உறையைத் தட்டிலிருந்து பிரித்துத் தனியாக வைப்பது இன்னும் நல்லது. பூஞ்சை தொடங்குவதும் இராமபாணப் பூச்சி குடியேறுவதும் அட்டையில்தான், அதன் பசைக்காக. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் பீரோவின் அடுக்குக்கு ஒன்று, மழை தொடங்கும் முன் புதிதாக. நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில் மெல்லச் சூடாக்கித் திரும்ப வைக்கலாம். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது. வினைல் வளையும், 78 தன் கனத்திலேயே விரிசல் விடும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உப்புக்காற்று. தட்டை விடப் பிளேயரைத்தான் அது முதலில் பிடிக்கும். ஓடாத நாளில் மூடி போட்டே வைக்க வேண்டும்.

மாவட்டம் முழுக்க ஒரே மாதிரியும் இல்லை. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் மழை அதிகம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று அடிப்பதால் ஈரம் குறைவாக இருக்கும். என் அனுபவம் நாகர்கோவிலையும் மேற்குப் பக்கத்தையும் வைத்துத்தான். ஆரல்வாய்மொழிக்காரர் 78-ஐ நான் சொல்வதை விட நன்றாகவே காப்பாற்றலாம்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. நம் பக்கத்தில் பழைய ரெக்கார்டுகள் வெளியே வருவது இரண்டு வழியில். ஒன்று, பழைய வீடுகளைக் காலி செய்யும்போது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால் தமிழும் மலையாளமும் கலந்தே பெட்டியில் இருக்கும், பொறுமையாகப் பிரிக்க வேண்டும். இன்னொன்று, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டிய மைக் செட் கடைகள். தேர்தல் பாட்டு, கட்சிப் பாட்டு ஈபிகள் அங்கேதான் அதிகம். லேபிளில் கடைப் பெயரும் வரிசை எண்ணும் மையால் எழுதியிருக்கும். அவை ஓடித் தேய்ந்தவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தக்கலைப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னார்: "ஊசிக் காசை மிச்சம் பிடிப்போம் தம்பி. ரெக்கார்டு போச்சுன்னா வேற வாங்கிக்கிடலாம்னு இருந்தோம்." தட்டை டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக மினுங்கினால் உயிர் இருக்கிறது. பள்ளம் சாம்பல் பூத்துத் தெரிந்தால் அது பூஞ்சையா தேய்மானமா என்று விரலால் ஓரத்தில் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். விரலில் ஒட்டினால் பூஞ்சை, வாங்கலாம். ஒட்டாவிட்டால் தேய்ந்தது, வேறு பிரதி கிடைக்காது என்றால் மட்டும் வாங்குங்கள்.

மறுவிற்பனை பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, நான் விற்றது குறைவு. வினைலுக்குக் கேட்பவர் சீக்கிரம் கிடைக்கிறார்கள். 78-க்கு ஆள் குறைவு, ஆனால் கேட்பவர் குறிப்பிட்ட தட்டைத் தேடி வருகிறார், விலையும் கொடுக்கிறார். தபாலில் அனுப்ப 78 பயம் தருகிற பொருள்.

வினைலிலும் ஒரு குறை உண்டு, நையாண்டியின் கூர்மை மேடையில் இருந்த அளவு அதில் இல்லை. எம்.ஆர். ராதா அன்றன்றைய செய்தியை மேடையில் இழுத்துப்போட்டுப் பேசியவர். அவர் நாடகங்களைக் கட்டுப்படுத்தவே 1954-இல் சென்னை மாகாண நாடகச் சட்டம் வந்தது. ஒவ்வொரு இரவும் மாறிய அந்தப் பேச்சை எந்தக் கம்பெனித் தட்டிலும் பிடித்திருக்க முடியாது. தட்டில் கிடைப்பது நிலைத்த வசனமும் பாட்டும் மட்டுமே. அதுவே எனக்குப் பெரிது. அந்தக் குரல் ஏற்ற இறக்கத்தை வேறு எங்கே கேட்க முடியும்?

இத்தனைக்குப் பிறகும் 78-தான் வேண்டும் என்பவரிடம் இரண்டு விஷயம் சொல்வேன். நையாண்டிச் சரக்கு என்று உறுதியாகத் தெரிந்த தட்டை மட்டும் வாங்குங்கள், அழகுக்காகச் சேர்க்க நம் ஊர் ஈரம் விடாது. வாங்கிய தட்டைச் சரியான அகல ஊசி உள்ள, எடை குறைந்த கை கொண்ட பிளேயரில் முதல் முறை ஓட்டும்போதே கணினியில் பதிந்துவிடுங்கள். பழைய கிராமபோனின் இரும்பு ஊசியும் அந்தக் கனமான தலையும் ஒவ்வொரு முறை ஓடும்போதும் பள்ளத்தைக் கொஞ்சம் தின்னும். பதிவு கையில் இருந்தால் அப்புறம் தட்டைத் தொட வேண்டிய தேவையே குறைந்துவிடும்.