சாக்கடைக் கொசுப்புழுவுக்கு எண்ணெயா, பிடிஐ பொடியா?

புதுச்சேரியில் ராத்திரி கடிக்கும் கியூலெக்ஸ் கொசுவின் பிறப்பிடம் சாக்கடைதான். அதன் புழுவை அழிக்க இரண்டு வழி.

கொசு எண்ணெய் (எம்.எல்.ஓ.): சதுர மீட்டருக்கு 20 மில்லி, வாரம் ஒருமுறை. ஒரு மீட்டர் அகல வாய்க்காலில் 100 மீட்டருக்கு 2 லிட்டர் ஆகும். மேற்பரப்பில் படலமாகப் பரவி, புழுவையும் கூட்டுப்புழுவையும் மூச்சடைக்கச் செய்யும். ஆனால் பிளாஸ்டிக் பையும் தெர்மாகோலும் மிதந்தால் படலம் கிழிந்துவிடும். அந்த இடுக்கில் புழு நிம்மதியாக மூச்சு விடும். ஓடும் நீரில் எண்ணெய் கொட்டுவது வீண்.

பிடிஐ பொடி (கொசுப்புழுவைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா): 10 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம், மீட்டர் நீளத்துக்கு 20 மில்லி கரைசல், இரு வாரத்துக்கு ஒருமுறை. இந்த பாக்டீரியாவின் ஒரு வகையை (பி-17) கண்டெடுத்ததே நம்மூர் ஐ.சி.எம்.ஆர். கொசு ஆராய்ச்சி மையம்தான். மீன், தவளைக்குக் கெடுதல் இல்லை. கொசுப்புழு இதைத் தின்றால்தான் சாகும், கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் அது தப்பிவிடும். பொடி அடியில் படிந்து தெளிப்பான் நாசிலை அடைக்கும், டேங்கைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

தேங்கிய நீரில் கூட்டுப்புழு நெளிந்தால் முதல் சுற்று எண்ணெய், பிறகு பிடிஐ. எதுவானாலும் முதலில் தூர் வாரணும்.

புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் வெவ்வேறு வாரத்தில் அடித்தால் கொசு எல்லை தாண்டி வந்துவிடும். எலிக்கும் அதே கதை: புரோமடியோலோன் என்ற எலி விஷக் கட்டியை மேன்ஹோல் மூடிக்குக் கீழே கம்பியில் கட்டுவதும் ஒரே வாரத்தில் நடக்கணும்.