கண்புரை அறுவைச் சிகிச்சை: வார்ஃபரினைத் தொடர்வதா, நிறுத்துவதா?

செயற்கை இதய வால்வுக்காகவோ சீரற்ற இதயத்துடிப்புக்காகவோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்பவர்கள், கண்புரை அறுவைக்கு நாள் குறித்தவுடன் முதலில் கேட்பது மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பதைத்தான்.

நிறுத்தினால் இரத்தக்கசிவு குறையும் என்பது உண்மை. ஆனால் மருந்தின் விளைவு நீங்க ஏறத்தாழ 5 நாட்களும், மீண்டும் தொடங்கியபின் முழுப் பயன் கிடைக்க மேலும் சில நாட்களும் ஆவதால், அந்த இடைவெளியில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரவோ வால்வு அடைபடவோ வாய்ப்புண்டு. சிறு கசிவைத் தவிர்க்க இது மிகையான விலை என்பதே என் கருத்து.

தொடர்ந்தாலோ, சிறு கீறல் வழியே மீயொலியால் கண்புரையை உடைத்து உறிஞ்சும் இன்றைய பாகோ முறையில் கீறப்படும் கருவிழியில் இரத்த நாளங்களே இல்லாததாலும், சொட்டுமருந்தாலேயே கண்ணை மரக்கச் செய்ய முடிவதாலும், பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை. விழிவெண்மையில் இரத்தச் சிவப்பு படிந்தால், பார்ப்பவர்கள் பதறுவார்களே தவிர, பார்வைக்குக் கேடில்லாமல் அது தானே மறையும். ஆயினும், அறுவைக்கு முன், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவைச் சோதித்து, அது அவரவருக்கு விதித்த வரம்புக்குள், பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை, இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்கச் செய்வதானால் நிலைமை வேறு. அங்கே இரத்தம் தேங்கினால் பார்வை நரம்பே நசுங்கக்கூடும்.

கண்குழி, இமை அறுவைகளில் கசிவு அதிகம் என்பதால் அங்கே நிறுத்துவதற்கும் நியாயம் உண்டு. அதை நோயாளி தாமாக முடிவுசெய்யாமல், கண் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசியே தீர்மானிக்க வேண்டும்.