பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்ஸுக்கு எந்த பெல்லட்? சில வருஷத்து அனுபவம்

வெளிநாட்டில் வேட்டை ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பித்தளைக் கூடு, தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, குண்டு எல்லாம் தனித்தனியாக வாங்கி, மருந்தை இம்மியளவு கூட்டிக் குறைத்து, குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்று அளந்து, கடைசியில் நூறு கஜத்தில் மூன்று துளைகள் ஒன்றாகச் சேர்ந்த அட்டையைப் படம் எடுத்துப் போடுவார்கள். படிக்க ஆசையாக இருக்கும். நமக்கு அந்த வழி இல்லை. பொழுதுபோக்கு வேட்டையை 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் சேர்ந்து முடித்துவைத்தன. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். இரண்டுமே சரியான ஏற்பாடுதான் என்பது என் கட்சி.

ஆனால் அந்த நோண்டும் ஆசை இருக்கிறதே, அதற்கு ஏர் ரைஃபிள் போதும். 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. மருந்து கிடையாது, கூடு கிடையாது. நம் கையில் மாற்ற இருப்பது ஒன்றே ஒன்று, பெல்லட் என்னும் சின்ன ஈயக் குண்டு. அந்த ஒன்றிலேயே எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ரைஃபிள். ஃபைன்வெர்க்பாவ் 300எஸ். எழும்பூர் பக்கம் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடமிருந்து என் கைக்கு வந்தது. எழுபதுகளில் பத்து மீட்டர் போட்டிகளை ஆண்ட மாடல் இது. 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் சேர்க்கப்படுவதற்கு முன்பே பேர் வாங்கிவிட்டது. கம்பெனி இருப்பது ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில். மவுசர் ரைஃபிள்கள் பிறந்ததும் அதே ஊர்தான். கம்பெனியைத் தொடங்கியவர்களும் மவுசரில் வேலை பார்த்தவர்கள்தான். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையில் இருந்த .275 ரிக்பியும் மவுசர் வகை ரைஃபிள். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதில் பக்கவாட்டு நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும். சுடும்போது பேரலும் அதன் பின்னால் இருக்கும் உலோகப் பகுதி முழுவதும் தண்டவாளம் போன்ற அமைப்பில் சில மில்லிமீட்டர் பின்னால் நழுவும். மரக்கட்டை அப்படியே நிற்கும். அதனால் தோளில் உதை தெரியாது. பெல்லட் சோதனைக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் மணல் பையில் வைத்தே சுடலாம். சாதாரணமாக நடுவில் மடக்கும் ஸ்பிரிங் ரைஃபிளை இப்படிப் பையில் அழுத்திப் பிடித்தால் குரூப், அதாவது அட்டையில் விழும் துளைகளின் கூட்டம், சிதறிவிடும். அவற்றில் பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்குள் ரைஃபிள் பின்னால் ஒரு தள்ளு, முன்னால் ஒரு தள்ளு வாங்கிவிடுகிறது. அந்த வகை வைத்திருப்பவர்கள் உள்ளங்கையில் லேசாகத் தாங்கி, அது இஷ்டத்துக்கு அசைய விட்டுச் சுடுங்கள். பெல்லட் மாற்றுவதை விட அதில் கிடைக்கும் பலன் அதிகம்.

வாங்கிய புதிதில் எந்த பெல்லட் டின்னைப் போட்டாலும் குரூப் ஒரே மாதிரி சுமாராக இருந்தது. பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வேகம் வினாடிக்கு 20 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. பிஸ்டனின் முன்னால் மோதலைத் தாங்க இருக்கும் பஃபர் வயதாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. இந்த மாடலில் எல்லோருக்கும் வரும் வியாதி. அதையும், காற்று கசியாமல் அடைக்கும் பேரலின் பின்வாய் சீலையும் மாற்றிய பிறகு வேகம் 170 மீட்டரை ஒட்டி ஒன்றிரண்டு மீட்டருக்குள் நின்றது. 0.53 கிராம் பெல்லட்டுக்கு இது சுமார் 7.7 ஜூல். சீல் சரியில்லாத ரைஃபிளில் பெல்லட் சோதனை செய்வது வீண். குரோனோகிராஃப் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல்: ஒளியை வைத்து அளக்கும் வகையாக இருந்தால் டியூப்லைட், மலிவான எல்இடி வெளிச்சத்தில் தாறுமாறாகக் காட்டும், விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால். பகல் வெளிச்சத்தில் வைத்தால் சரியாகிவிடும்.

இடம் என்று பார்த்தால், எங்கள் திருவல்லிக்கேணி வீடு பழைய பாணியில் குறுகலாக நீண்டு போகும். வாசல் அறையிலிருந்து பின்கட்டுச் சுவர் வரை பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. தடித்த இரும்புத் தகட்டைச் சாய்வாக வைத்த பெட்டி, அதற்குப் பின்னால் செங்கல் சுவர். சுடும் நேரத்தில் பின்கதவு பூட்டியிருக்கும், வீட்டில் எல்லோரும் எனக்குப் பின்னால்தான். ஈயம் என்பதால் முடிந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவாமல் ஒரு வாய் காபி கூடக் கிடையாது.

சரி, சோதனைக்கு வருவோம். அளவுகோல் என்ன என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மீட்டர் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் இடம் நடுவில் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். அதாவது மையத்துக்கு மையம் (மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் நடுவுக்கு நடுவு) 5 மில்லிமீட்டர் குரூப் வந்தாலும், சைட் சரியாக இருந்தால் ஏறக்குறைய அத்தனையும் பத்துதான். பத்தையே 10.0 முதல் 10.9 வரை பிரிக்கும் தசமக் கணக்கில்தான் விளையாட்டு மாறுகிறது. ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லிமீட்டர். 10.9 வாங்க மையம் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஆட்டம் இந்தக் கால் மில்லிமீட்டர்களின் ஆட்டம்தான். அந்த மட்டத்தில் பேரலைக் கிடுக்கியில் இறுக்கி, பேட்ச் பேட்சாக, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்துத்தான் பெல்லட் வாங்குகிறார்கள். நாம் மணல் பை ஆட்கள்.

அடுத்து, ஒரு குரூப்புக்கு எத்தனை குண்டு? இணையத்தில் பார்க்கும் அழகான படங்களில் பாதி ஐந்து குண்டுக் குரூப். அதை நம்பாதீர்கள். ஒரே டின், ஒரே உட்காரல், அடுத்தடுத்து ஐந்தைந்தாகச் சுட்டால் ஒன்று 1.2 மில்லிமீட்டர் வரும், இன்னொன்று 3 வரும். முதலாவதைப் படம் எடுத்தால் ஆஹா பெல்லட், இரண்டாவதைப் படம் எடுத்தால் குப்பை. பத்துக் குண்டுக் குரூப், ஐந்தை விடச் சராசரியாகக் கால்பங்கு பெரிதாகவே வரும். அது ரைஃபிளின் குறை இல்லை, கணக்கு அப்படி. நான் பத்துப் பத்தாகச் சில அட்டைகள் சுட்டுச் சராசரி எடுக்கிறேன். இரண்டு டின்களுக்கு நடுவில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் இரண்டும் சமம் என்று எழுதிவிடுவேன். பிராண்ட் மாற்றும்போது முதல் இருபதை ஒட்டி எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. பேரலுக்குள் பழைய ஈயப்பூச்சு போய்ப் புதியது படியும் வரை குண்டு அலைபாயும்.

எல்லோரும் முதலில் கேட்பது எடை. ஒவ்வொரு பெல்லட்டையும் எடை போட்டுப் பிரிக்க வேண்டுமா? நகைக்கடைத் தராசு மாதிரி வரும் சின்ன டிஜிட்டல் தராசு 0.01 கிராம்தான் காட்டும். 0.53 கிராம் பொருளில் அது இரண்டு சதவீதம், பிரித்துப் பயனில்லை. மில்லிகிராம் தராசு வைத்துப் பிரித்தும் பார்த்தேன். பத்து மீட்டரில் வித்தியாசம் தெரியவே இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். பெல்லட் பத்து மீட்டர் போக சுமார் 0.06 வினாடி ஆகிறது, அதற்குள் புவியீர்ப்பில் சுமார் 18 மில்லிமீட்டர் இறங்குகிறது. எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் ஒரு சதவீதம் கூடும். அதாவது 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே. நல்ல டின்னுக்குள் எடை வித்தியாசமே அந்த ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கத் தராசு முன்னால் உட்கார்ந்து அதற்காக மெனக்கெட வேண்டாம். ஐம்பது மீட்டர் சுடுபவர்களுக்கு இது வேறு கதை.

எடையை விடப் பல மடங்கு முக்கியம் தலை அளவு, அதாவது பெல்லட்டின் முன்பக்க விட்டம். டின்னில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்குமே, அது. நூறில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பேரலின் வரிகளில் தலை சரியாக உட்காராவிட்டால் பெல்லட் லேசாகச் சாய்ந்து கிளம்பும். என் ரைஃபிளுக்கு ஆர்.டபிள்யூ.எஸ். மெய்ஸ்டர்குகெல்ன், 0.53 கிராம், 4.50 அமைந்துவிட்டது. பத்துக் குண்டுக்கு மையத்துக்கு மையம் சராசரி 2 மில்லிமீட்டர் பக்கம். அதே 0.53 கிராம் எடையில் 4.49 தலை போட்டால் முக்கால் மில்லிமீட்டர் விரிகிறது. அதை விட விலை கூடிய, போட்டிகளில் பேர் பெற்ற ஒரு டின் 2.6-ல் நின்றது. பிஸ்டலுக்கான 0.45 கிராம் லேசு ரகம் மூன்றரை. உள்ளூரில் கிடைக்கும் மலிவு டின் ஒன்று ஆறு, ஏழு என்று போனது. ஆனால் புதிதாகப் பிடிப்பு பழகுபவர்களுக்கு அதுவே போதும், விலையும் கட்டுப்படியாகும். இந்த எண்கள் என் பேரலுக்கு மட்டும். உங்கள் 300எஸ்ஸுக்கு 4.49 பிடிக்கலாம். ஜே.எஸ்.பி., எச் அண்ட் என் என்ற மற்ற பிராண்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அளவு கிடைத்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. டின்னின் அடியில் பேட்ச் எண் இருக்கும். அச்சு தேய்ந்தாலோ மாற்றினாலோ அதே பேர், அதே அளவு என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வேறு பெல்லட். ஒரு பிராண்டில் ஒரு பேட்ச் 2 மில்லிமீட்டர், அடுத்தது 3 என்று பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு டின் வாங்கிச் சோதித்து, பிடித்துவிட்டால் அதே எண்ணில் கடைக்காரரிடம் இருப்பதையெல்லாம் அள்ளிவிடுவது என் வழக்கம். பில் போடும்போது எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள்.

பெல்லட்டின் பின்பக்கத்து மெல்லிய விளிம்பான ஸ்கர்ட் நசுங்கியதைக் கண்ணாலேயே பொறுக்கி எறிய வேண்டும். கூரியரில் குலுங்கி வரும் டின்னில் இது நிறைய. சாய்த்து வைத்த கண்ணாடியில் உருட்டினால் நல்லது எல்லாம் ஒரே வளைவில் உருளும், கோணலானது தனியே விலகிப் போகும். எடை பார்ப்பதை விட இது வேகம், பலனும் உண்டு. பொறுக்கியதை எறியாமல் வைத்துத் தனியே சுட்டுப் பார்த்தேன், குரூப் ஏறக்குறைய இரட்டிப்பானது.

இனி சென்னைக்கே உரிய தொல்லைகள். மெரினா காற்று வீட்டுக்குள் வரும் தூரத்தில் இருப்பதால், திறந்து வைத்த டின்னில் சில மாதத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது. ஈயம் காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்த பொடி அது. துப்பாக்கிக்கும் ஆகாது, நமக்கு அதை விட ஆகாது. இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், மூடி ஓரத்தில் டேப், இவ்வளவு போதும். கத்திரி வெயிலில் வியர்த்த கையோடு பேரலைத் தொட்டால் மறுநாளே துருப் புள்ளி தெரியும், எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் அட்டை பதத்துப் போய்த் துளையின் ஓரம் பிசிறடிக்கும். அந்த நாட்களில் சுட்ட அட்டையை அளந்தால் எண் நம்பும்படி இருக்காது. நான் மழைக்காலத்தில் பெல்லட் சோதனையே வைப்பதில்லை, நின்று சுடும் பயிற்சியோடு சரி.

நின்று சுடுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரைஃபிளைக் கொடுத்த பெரியவரிடம் ஒருமுறை இந்த எண்களையெல்லாம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, நின்னுக்கிட்டுச் சுட்டா உன் குரூப் எவ்வளவு?" என்றார். பதினெட்டு, இருபது மில்லிமீட்டர் என்றேன். சிரித்தார், அவ்வளவுதான்.

அவர் சிரித்தது நியாயம். ஆனாலும் அரை மில்லிமீட்டருக்கு மெனக்கெடுவதை நான் விடப்போவதில்லை, அது தனி சுகம். போட்டிக்குப் போகிறவர்கள் நல்ல டின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிச்ச நேரத்தைத் தோளுக்கும் மூச்சுக்கும் கொடுங்கள். என்னைப் போல நோண்டுகிறவர்கள் மூன்று நான்கு தலை அளவுகளில் ஒவ்வொரு டின் வாங்கித் தொடங்கலாம். தராசு வாங்கும் காசை அதில் போடுங்கள். 300எஸ் வாங்க நினைப்பவர்கள் சீல், பஃபர் செட்டையும் வெளிநாட்டிலிருந்து ஒன்று கூடுதலாக வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள், அது இங்கே கடைகளில் சுலபத்தில் கிடைப்பதில்லை.