1,500 டாலர் போச்சு: ஆர்வி (வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கிறவங்க பிளக்கைப் பாருங்க

கோவம் இன்னும் அடங்கல. அதனால கொஞ்சம் தாறுமாறாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க. நேத்து சாயங்காலம்தான் கடைசி பதில் வந்தது. ஆர்வி வாடகைக்குக் கட்டின டெபாசிட் 1,500 டாலர் போனது போனதுதானாம். ஊர்க் கணக்குல ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல.

அப்பா அம்மா திருநெல்வேலியில இருந்து வந்திருக்காங்க. டெக்சஸ்ல, எங்க ஆஸ்டின்ல கோயில், மால், மறுபடி கோயில்னு சுத்தி அப்பாவுக்கு வெறுத்துப்போச்சு. "தண்ணி கெடக்குற எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போ டே"ன்னார். மே கடைசி லாங் வீக்கெண்டுக்கு இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்ல ஏரிக்கரை சைட் (வண்டியோ டென்ட்டோ போட்டுத் தங்குற இடம்) ஒண்ணு டிசம்பர்லயே போட்டு வெச்சிருந்தேன். அஞ்சு மாசம் முன்னாடியே புக்கிங் திறக்கும், அப்பவே தட்டணும், இல்லேன்னா கிடைக்காது. இடத்தைக் குறை சொல்லவே மாட்டேன். ரோஸ் கலர் பாறை, மேல இருக்கிற புக்கானன் ஏரி வத்தினாலும் பெருசா இறங்காத தண்ணி, சைட்லயே குழாயும் 30 ஆம்ப் கரண்டும்.

அம்மாவால டென்ட்ல குனிஞ்சு நுழைய முடியாது. எங்ககிட்ட இழுக்கிற டிரக்கும் கிடையாது. அதனால தனியாட்கள் தங்களோட ஆர்வியை வாடகைக்கு விடுற தளம் ஒண்ணுல (பேர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வேற வரும்) டிரக்ல மாட்டி இழுக்கிற டிரெய்லர் ஒண்ணு பிடிச்சேன். சொந்தக்காரரே கொண்டுவந்து நிறுத்தி, மட்டம் பாத்து, எல்லாம் மாட்டிக் குடுத்துட்டுப் போவார், திங்கட்கிழமை வந்து எடுத்துக்குவார். வாடகை தளம் வழியாத்தான் கட்டினேன். டெபாசிட் 1,500 மட்டும் அவர் போன் நம்பருக்கு பேங்க் ஆப்ல நேரா அனுப்பச் சொன்னார். "தளத்துல போட்டா உன் கார்டுல ரொம்ப நாள் பிடிச்சு வெப்பாங்க, நான் திங்கட்கிழமையே திருப்பிடறேன், டெலிவரியில 120 குறைச்சுக்கறேன்." 120 டாலருக்கு ஆசைப்பட்டேன். இதை மறைச்சு எழுதினா இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்ல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து இறங்கின விதத்தைப் பாத்திருந்தா நீங்களும் நம்பியிருப்பீங்க. அறுபத்தஞ்சு வயசு இருக்கும். முதல் வேலையா அம்மாவுக்கு ஒரு நாற்காலியை விரிச்சு நிழல்ல போட்டார். அப்புறம் டிரக்ல இருந்து ரெண்டு தூண்டில் எடுத்து அப்பா கையில குடுத்தார். "ஸ்டேட் பார்க் கரையில நின்னு பிடிக்க லைசென்ஸ் வேண்டாம்"னு சொன்னார். அது உண்மைதான். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் தண்ணி ஓரம் நின்னு கையாலயே பேசிட்டிருந்தாங்க. தாமிரபரணிக்கரைப் பையனா மாறிட்டார் எங்கப்பா.

அந்த நேரத்துல நான் போனைக் கையில வெச்சுக்கிட்டு உள்ளேயும் வெளியேயும் அறுபது படம் எடுத்தேன். டயர், கூரை ஓரம், ஆனிங் துணி, ஃப்ரிட்ஜ் உள்பக்கம், கழிவுத் தொட்டி அளவு காட்டுற விளக்கு எல்லாம். கரண்ட் கேபிளை எடுக்கப் போனேன். "அதை நான் பாத்துக்கறேன், நீ குடும்பத்தோட இரு"ன்னு வாங்கி, கைக்குள்ள பிளக்கைப் பொத்தின மாதிரி பிடிச்சு, அவரே சைட்ல இருக்கிற கரண்ட் பெட்டியில சொருகிட்டார். அறுபது படத்துல அந்தப் பிளக் மட்டும் இல்ல.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல வெயில். ரெண்டு மணிக்கு ஏசி உறுமிட்டு நின்னுபோச்சு. வெளியே போனா பிளாஸ்டிக் கருகுற வாடை. கேம்ப் ஹோஸ்ட்டா (பார்க்லயே தங்கி, வர்றவங்களுக்கு உதவுறவர்) இருக்கிற பெரியவர் வந்து பிரேக்கரை இறக்கிட்டு பிளக்கை உருவினார். மூணு பின்ல ஒண்ணு கரிக்கட்டை. சுத்தியிருந்த ரப்பர் காபித்தூள் நிறத்துல உருகி, அதுக்கு மேல பழைய டேப். "இது இன்னிக்கு எரிஞ்சது இல்ல, மாசக்கணக்கா வேகுது"ன்னார். பின் லூஸா இருந்தா அந்த இடம் சூடாகும், சூடாக ஆக இன்னும் கெடும், வோல்டேஜ் இறங்கி ஏசி கம்ப்ரஸரும் போகும்னு விளக்கினார். அம்மாவுக்குத் தலை சுத்துது, சின்னவ அழறா. படம் எடுக்கணும்னு அப்பக்கூட எனக்குத் தோணல பாருங்க!

சொந்தக்காரருக்கு போன் போட்டேன். "கவலைப்படாதே, திங்கட்கிழமை பாத்துக்கலாம்." ரெண்டு ராத்திரி விசிறிக்கூட இல்லாம கிடந்தோம். திங்கட்கிழமை காலையில வந்தவர் யார் முகத்தையும் பாக்கல. முதல்ல அந்தக் கேபிளைச் சுருட்டிப் பெட்டியில போட்டுப் பூட்டினார்.

புதன்கிழமை பட்டியல் வந்தது. ஏசி 1,150. கேபிள், பிளக் 230. மசாலா வாடை போகக் கழுவினது 108. தொலைஞ்ச தூண்டில் முள் 12. கூட்டிப் பாருங்க, சுத்தமா 1,500! நான் ஏசியும் மைக்ரோவேவும் ஒண்ணாப் போட்டேனாம், அதான் எரிஞ்சுதாம். 30 ஆம்ப்னா 3,600 வாட்ஸ். அந்த ரெண்டும் சேர்ந்தாலும் சாதாரணமா அவ்வளவு இழுக்காது. இதை எழுதி அனுப்பினேன். பதிலே இல்ல.

தளத்துல முதல்ல மூணு நாள் ரோபோ சாட். நான் எதைக் கேட்டாலும் "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்". நாலாம் நாள் ஒரு மனுஷர் வந்து, கேஸ் நம்பர் குடுத்து, ரெண்டு நாள்ல மூடிட்டார். டெபாசிட் தளத்துக்கு வெளியே போனதால அவங்க கொள்கையில வராதாம். பேங்க்ல கேட்டா, "நீங்களேதானே அனுப்பினீங்க?" நேத்து வந்த கடைசி மெயிலும் அதே பாட்டு.

அப்பாகிட்ட எவ்வளவுன்னு சொல்லல. பட்டியலைப் பேத்தி வாசிச்சுக் காட்டியிருக்கா. "அந்த முள்ளு என் கையாலதான டே அறுந்துச்சு"ன்னு பன்னெண்டு டாலரை எடுத்து மேஜையில வெச்சுட்டார்.

விளக்கமா யோசனை எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. டெபாசிட்டைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீங்க, எவ்வளவு தள்ளுபடி குடுத்தாலும். பிளக்கின் பின்னைப் படம் எடுத்துட்டுத்தான் சொருக விடணும். வோல்டேஜ் காட்டுற சர்ஜ் புரொடெக்டர் இல்லேன்னா ஏசி போடாதீங்க. அவ்வளவுதான்.

டெக்சஸ்ல 20,000 டாலர் வரைக்குமான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட்ல (சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்) வக்கீல் இல்லாமலே போடலாம். போடத்தான் போறேன். ஒரே ஒரு உதவி: அடுத்த ரெண்டு வாரத்துல இங்க்ஸ் லேக் போறவங்க யாராவது இருந்தா, அந்தக் கேம்ப் ஹோஸ்ட் பெரியவரைப் பாத்து, கருகின பிளக்கை உருவினது ஞாபகம் இருக்கா, ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவாரான்னு கேட்டுச் சொல்லுங்க. அவர் பேரைக் கேட்டு வெச்சுக்கணும்னு கூட எனக்குத் தோணல.