பிராய்லர் தீவனத்தில் மஞ்சளா, பூண்டா?

பல்லடம் பக்கம் கம்பெனி ஒப்பந்தத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. தீவனம் மூட்டையாக வந்து இறங்கிவிடும். சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

என் ஓட்டு மஞ்சளுக்கு. மஞ்சளில் உள்ள முக்கியப் பொருளான குர்குமின் ரத்தத்தில் அதிகம் சேராது, பெரும்பகுதி குடலிலேயே தங்கும். கோழிக்கு அது நல்லதுதான், பாதிப் பிரச்சினை தொடங்குவதே குடலில். மழைக்காலத்தில் மக்காச்சோளம் பூஞ்சை பிடித்து, அது உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு ஏறினால், கல்லீரல் சேதத்தை மஞ்சள் ஓரளவு குறைக்கும். அதற்காகப் பூசணம் பிடித்த சோளத்தைப் போடலாம் என்று அர்த்தமில்லை!

அளவு, கிலோ தீவனத்துக்கு 5 கிராம். ஒரு கோழி விற்கும் வரை சுமார் 3.5 கிலோ தின்னும் என்றால் ஆயிரம் கோழிக்கு 17.5 கிலோ மஞ்சள்தூள். கடைத்தூள் வேண்டாம், நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈய நச்சுச் சாயம் கலப்பவர்கள் உண்டு. விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

பூண்டு கிருமிகளை அடக்குவதில் கெட்டிக்காரன். ஆனால் அந்த வேலையைச் செய்யும் அல்லிசின், பூண்டை நசுக்கிய பிறகு உருவாவது, சூட்டில் சிதைந்துவிடும், அதனால் சூடாக்கி அழுத்திக் குருணையாக்கும் பெல்லட் தீவனத்தில் பலன் குறைவு. மாவுத் தீவனத்தில் கலந்தால் சரி. அளவு மீறினால் வாசனைக்கே கோழி தீவனத்தை ஒதுக்கும். அப்புறம் விலை: 2024இல் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது.

ரத்தக் கழிச்சல் வந்துவிட்டால் இரண்டையும் நம்பி உட்காராமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.