பிடோக் காப்பிக்கடை மார்மைட் கோழி

போகிறவர்கள் கோழிக்காகப் போங்கள், மீனை விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் பிடோக்கில் அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே இருக்கிற சாதாரண சீனக் காப்பிக்கடைதான், ஏசி கிடையாது, மேசைக்கு மேலே மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டே சுற்றும், ஆனால் இந்த ஒரு அயிட்டத்தில் அடுப்பில் நிற்கும் அங்கிளை அடிச்சுக்க ஆளில்லை.

கோழித்தொடையை மாவில் புரட்டிப் பொரித்து, மார்மைட் என்ற ஈஸ்ட் பசை, மால்டோஸ் இனிப்புப் பாகு, சோயா சாஸ் எல்லாம் கொதிக்கிற வாணலியில் போட்டு ஒரு புரட்டு புரட்டி எடுக்கிறார்கள். சாஸ் துண்டைச் சுற்றி ஒட்ட வேண்டும், தட்டில் தேங்கி நின்றால் மொறுமொறுப்பு போய்விடும். இங்கே ஒட்டுகிறது. மார்மைட்டே உப்பு அதிகமான சாமான், அதனால் சில கடைகளில் இனிப்பைக் கொட்டிச் சமாளிப்பார்கள். இவர் கொஞ்சம் கசப்பையும் விட்டு வைத்திருக்கிறார், எனக்கு அது பிடித்தது.

சரி, அந்தப் பெயர். மார்மைட் போத்தலில் மூடியோடு ஒரு சட்டிப் படம் இருக்கும் பாருங்கள், அந்தச் சட்டிக்குத்தான் பிரெஞ்சில் மர்மீத் என்று பெயர். 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் அப்பான் டிரென்ட் ஊரில் ஒரு கம்பெனி, பியர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து இந்தக் கறுப்புப் பசையைச் செய்து, முதலில் மண் ஜாடியில்தான் விற்றது. பழைய பிரெஞ்சில் மர்மீத் என்றால் பாசாங்குக்காரன். ஆழமான பாத்திரம், மூடியும் போட்டாச்சு, உள்ளே வேகிறது என்ன என்று வெளியே தெரியாது, அதனால் சட்டிக்கும் அதே பெயர் வந்தது என்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே ஆள்.

அப்புறம் அது ஊர் ஊராகப் போயிருக்கிறது. பிரேசிலில் மர்மிட்டா என்றால் வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு கேரியர், உள்ளே இருக்கிற சாப்பாட்டுக்கும் அதே பெயர். ரஷ்யக் கேன்டீன்களில் மர்மீத் என்பது கறிகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி, நம்ம கலவைச்சோற்றுக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி. இத்தாலியில் பாத்திரம்தான், ஆனால் கார் சைலன்சரையும் மர்மிட்டா என்பார்கள்! முதல் உலகப்போரில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஜெர்மன்காரர்களின் கனமான பீரங்கிக் குண்டுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள், அந்த நகைச்சுவையை என்னவென்று சொல்வது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1920களின் கடைசியில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், இரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகளுக்கு மார்மைட் கொடுத்துக் குணமாவதைக் கண்டார். பின்னாளில் ஃபோலிக் அமிலத்தைக் கண்டுபிடிக்க வழி திறந்தது அந்த வேலைதான்.

இந்தக் கடையில் சாஸ் எதையும் மறைக்கவில்லை, கடித்தால் சாறு வருகிறது, எலும்போரம் சிவப்பு இல்லை. மீன் வேறு கதை: இஞ்சியை அள்ளிப் போட்டிருந்தும் வாடை போகவில்லை, அங்கேதான் அந்தப் பழைய பிரெஞ்சு அர்த்தம் பொருந்துகிறது. கங்கோங் கீரை பரவாயில்லை, பெலாச்சான் என்ற இறால் விழுது தாராளம்.

சின்னத் தட்டு 16 வெள்ளி, மூன்று பேருக்குத் தாராளமாகக் காணும். ஹலால் கடை இல்லை. பொட்டலம் கட்டிக்கொண்டு போகாதீர்கள், வீடு சேர்வதற்குள் மாவு ஊறிவிடும். ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், வெறும் சோறு இரண்டு கூடுதலாகச் சொல்லுங்கள்.