கச்சேரியும் புத்தகமும் ஒரே நோட்டில்: பல வருடப் பழக்கத்தின் அனுபவம்

இசை நிகழ்ச்சிக்குப் போய்வந்தால் அன்றிரவே ஒரு பக்கம் எழுதிவிடுவேன். இடது பக்கம் கச்சேரிக்கு, வலது பக்கம் அந்தச் சமயத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு. வருடக்கணக்கில் இப்படித்தான் ஓடுகிறது. சக ரசிகர்கள் நோட்டைப் பார்த்ததும் கேட்பது ஒன்றே: "போனில் வீடியோ இருக்கும்போது இது எதற்கு?" இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் நோட்டைத்தான் வைத்துக்கொள்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

பெரிய ஸ்பீக்கர்களின் சத்தத்தைப் போனின் சின்ன மைக்கால் தாங்க முடியாது. அதோடு, சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி வேறு உள்ளே வேலை செய்யும். பாடகர் குரலைத் தணித்துக்கொண்டே போய் அரங்கையே அடக்கிய இடமும், அடுத்த நொடி மொத்த வாத்தியங்களும் சேர்ந்து எழுந்த இடமும் வீடியோவில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கேட்கும். என்னை உலுக்கியதே அந்த ஏற்ற இறக்கம்தான். நோட்டில் "மூன்றாவது பாட்டு முடிந்ததும் கைதட்டத் தோன்றாமல் எல்லோரும் அப்படியே இருந்தார்கள்" என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த இரவு முழுசாகத் திரும்பிவரும்.

உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கெல் 2014-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இந்த விஷயத்தில் எனக்கு உதவியது. அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருள்களைவிட, வெறுமனே நின்று பார்த்த பொருள்களே மக்களுக்கு நன்றாக நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்த இழப்பு தெரியவில்லை. அருங்காட்சியகம் வேறு, கச்சேரி வேறுதான். இருந்தாலும் அதைப் படித்த பிறகு, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு துண்டு மட்டும் பதிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன். எதைப் பதிவு செய்யலாம் என்று காத்திருப்பதே கவனத்தைக் கூர்மையாக்குகிறது.

சரி, என்ன எழுதுவது? பாட்டு வரிசைக்காக மெனக்கெட வேண்டாம். செட்லிஸ்ட்.எஃப்எம் மாதிரியான தளங்களில் ரசிகர்களே அதைச் சேர்த்துவைக்கிறார்கள். அங்கே கிடைக்காததை எழுதுங்கள். உங்கள் இருக்கையில் எந்த வாத்தியம் தூக்கலாகக் கேட்டது, பழகிய பாட்டை எந்த இடத்தில் மாற்றிப் பாடினார்கள், யாருடன் போனீர்கள், திரும்பும் வழியில் எதைப் பற்றி வாதாடினீர்கள். நட்சத்திர மதிப்பெண் போடும் முறையையும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். பின்னாளில் புரட்டும்போது அந்த எண்கள் ஒன்றுமே சொல்வதில்லை. இருட்டில், நிகழ்ச்சி நடக்கும்போதே எழுதுவதும் எனக்கு ஒத்துவரவில்லை. மறுநாளுக்குத் தள்ளினால் பாதி போய்விடுகிறது. தூங்கப் போகும் முன் பத்து வரி, அவ்வளவுதான்.

வலது பக்கம் சும்மா ஒரு துணைக்குத்தான் ஆரம்பித்தது. புத்தகத்தின் பெயர், எந்தப் பக்கத்தில் இருக்கிறேன், அன்று மனதில் நின்ற ஒரு விஷயம். போகப் போக அதுதான் இடது பக்கத்தையே மாற்றியது. அரங்க ஒலியியல் பற்றி வாசித்த காலத்துக் குறிப்புகளைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைனிடம் 1895-ல் ஒரு வேலை வந்தது. புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது விளங்கவில்லை, சரிசெய்ய வேண்டும் என்று. அங்கே எழுந்த ஒலி அடங்க 5 விநாடிக்கும் மேல் ஆனது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பிப் பரப்பி அளந்தார். கூடத்தின் கன அளவும், ஒலியை உறிஞ்சும் பரப்பும்தான் ஒலி அடங்கும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்று கண்டுபிடித்தார். அந்தக் கணக்கை வைத்து வடிவமைத்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900-ல் திறந்தது, இன்றும் உலகின் சிறந்த அரங்குகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் அவர்களுடைய உடைகளும்கூட ஒலியை உறிஞ்சுகின்றன என்று படித்த நாளிலிருந்து, அரங்கம் நிரம்பியிருந்ததா, நான் எங்கே உட்கார்ந்தேன் என்றெல்லாம் குறிக்கத் தொடங்கினேன். முன்பு "இன்று சத்தம் சரியில்லை" என்று மட்டும் எழுதியிருப்பேன். இப்போது சுவரை ஒட்டிய இருக்கையா, மாடிக்கு அடியில் ஒடுங்கிய இடமா என்று பார்க்கிறேன். அடுத்த முறை இடம் எடுக்கும்போது இது நேரடியாக உதவுகிறது.

காதைப் பற்றிய வாசிப்பும் அப்படியே. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ராக் கச்சேரிகள் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச சராசரியும் 100 டெசிபல்தான். இதைப் படித்த கையோடு இசைக் கலைஞர்கள் போடும் வகைக் காதடைப்பான் வாங்கினேன். பஞ்சு அடைப்பான் உச்ச ஸ்வரங்களை அதிகமாக விழுங்கிவிடும், எல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் கேட்பது போல இருக்கும். இது எல்லா ஸ்வரங்களையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தணிக்கிறது, பாடல் வரி தெளிவாகவே கேட்கிறது. "காதில் இரைச்சல்" என்ற குறிப்பு அதற்குப் பிறகு என் பக்கங்களில் அரிது. நின்று கேட்கும் நிகழ்ச்சிகளுக்குப் போகிற எல்லோருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

டிக்கெட் ஒட்டிவைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல டிக்கெட்டுகள் மை இல்லாமல் சூட்டில் எழுத்து கறுக்கும் தாளில்தான் வருகின்றன. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் மங்கும், செல்லோடேப்பும் சில பிளாஸ்டிக் உறைகளும்கூட அழித்துவிடும். வந்த அன்றே நகல் எடுத்து அதை ஒட்டுங்கள்.

இந்த நோட்டைப் பகிரும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி. ஒரே இரவைப் பற்றி நண்பர் எழுதியதும் நான் எழுதியதும் ஒத்துப்போவதே இல்லை. ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் வாசித்த கதையை நான் அவருக்குச் சொன்னேன்: கேட்டது பெரிய பியானோ, மேடையில் கிடைத்தது சின்னது, உச்ச ஸ்வரங்கள் மெலிந்து ஒலித்தன, பெடலும் சரியில்லை. அதனால் பியானோவின் நடுப்பகுதி ஸ்வரங்களிலேயே தங்கி, இடது கையால் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தே அந்த இரவைக் கட்டினார். அதைக் கேட்ட பிறகு நண்பரும் மேடையில் வாத்தியங்கள் எப்படி இருந்தன என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

இப்போது என் வலது பக்கத்தில் இருப்பது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரிகளை டேப்பில் பதிந்து தங்களுக்குள் மாற்றிக்கொண்ட ரசிகர்களின் வரலாறு. அந்தக் குழு 1984-ல் அவர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கியது. கேசட் அட்டையில் தேதி, இடம், பாட்டு வரிசையோடு, எந்த மைக்கில் பதிந்தது, எத்தனையாவது நகல் என்பதையும் அவர்கள் எழுதிவைத்தார்கள். அதைப் பார்த்து என் பக்கத்திலும் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: இது நானே கேட்டதா, கூட வந்தவர் சொன்னதா என்று.